வியாபார மந்தமும் பண்ட முதலீடும்

வியாபாரம் மந்தமுற்றுக் கம்பெனிப் பங்குகளின் விலை வீழுங்காலத்தில், மக்கள் கண்ணாற் காணத்தக்க பண்டங்களை நாடுவது இயல்பு. காகிதம் பொய்த்தாலும் செம்பும் எண்ணெயும் பொன்னும் பொய்யா என்பது அவர்தம் கருத்து. இக்கருத்து எவ்வளவு பொருத்தமுடையதென்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நிலம் விளைவு தரும்; கடன் வட்டி தரும்; பங்கு இலாபத்திற் பாகம் தரும். பண்டமோ தானாக ஒன்றும் ஈவதில்லை. கிடங்கு வாடகையும் காப்புச் செலவும் கேட்கும். அதை வாங்கி வைத்தவன் விலையேற்றம் ஒன்றையே நம்பியிருக்க வேண்டும். ஆலைகள் ஓய்ந்து தேவை குறைந்தால் விலை ஏறுவதெங்ஙனம்? 2008-ஆம் ஆண்டு ஜூலையில் பீப்பாய் 147 டாலர் வரை ஏறிய கச்சா எண்ணெய், அவ்வாண்டு டிசம்பரில் 40 டாலருக்குங் கீழ் இறங்கிற்று. 2020 ஏப்ரல் 20-ஆம் தேதியன்று நிகழ்ந்தது இதனினும் வியப்பானது. அமெரிக்காவில் மே மாதத் தவணைக்குரிய எண்ணெயின் விலை பூஜ்யத்திற்குக் கீழே 37 டாலருக்கு மேற் சென்றது. எண்ணெயை வைக்க இடம் அரிதானமையால், தவணை ஒப்பந்தம் வைத்திருந்தோர் கைப்பணமுங் கொடுத்து அதனைத் தள்ளிவிட நேர்ந்தது.

எனினும் மந்தங்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தபின், சில மாதங்களுக்குள் அதன் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. அதனைத் தொடர்ந்த மந்தத்திற்கு அவ்விலையேற்றமே ஒரு முக்கிய காரணம். தேவை குறைந்து வரும் மந்தத்திற் பண்டவிலை வீழும். சரக்கு குறைந்து வரும் மந்தத்தில் அது உயரக்கூடும்.

பொன்னின் நிலை சற்று வேறு. அஃது எண்ணெயைப் போல எரிந்து தீர்வதன்று. அச்சம் மிகுந்த காலத்தில் அதற்குக் கிராக்கி உண்டாவதுண்டு. ஆயினும் 1980 ஜனவரியில் அவுன்சு 850 டாலருக்கு வாங்கியவர், டாலர்க் கணக்கில் அவ்விலையை மீண்டும் காண 2008 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த 28 ஆண்டுகளில் பணத்தின் மதிப்புக் குறைந்ததையுஞ் சேர்த்தெண்ணினால் அவருடைய நஷ்டம் பெரிது.

ஆதலின், விரைவிற் பொருளீட்டப் புகும் நம் மாணவ நண்பர்கள், மந்தம் எக்காரணத்தால் வந்ததென்பதை முதலில் ஆராய்வார்களாக. பின்னர், இழந்தாலுங் குடும்பம் தளராத சிறு பகுதியை மட்டும் பண்டங்களில் இடலாம். கடன் வாங்கி இதில் இறங்குதல் எக்காலத்துந் தகாது.