உங்களுக்குத் தெரியுமா? குளூட்டனை வெட்டும் நொதிகள்

● கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டனை யாருடைய வயிறும் முழுதாகச் செரிப்பதில்லை. அந்தப் புரதத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுதி. அது வரும் இடத்தில் நம் செரிமான நொதிகளால் வெட்ட முடியாது. பெரும்பாலோருக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. சீலியாக் நோய் உள்ளவர்களுக்குத்தான் ஆபத்து. வெட்டுப்படாத துண்டுகளைக் கண்டதும் நோயெதிர்ப்பு மண்டலம் கிளர்ந்து, சிறுகுடலின் குடலுறிஞ்சிகளைச் சிதைத்துவிடுகிறது. 33 அமினோ அமிலங்கள் கொண்ட அப்படியொரு துண்டை 2002இல் அடையாளம் காட்டியது ஸ்டான்ஃபோர்டில் சைத்தன் கோஸ்லாவின் குழு. அவர் மும்பை ஐஐடியின் முன்னாள் மாணவர்.

● அந்தக் குழுவின் ஆய்விலிருந்து வளர்ந்த லாட்டிகுளூட்டனேஸ் மருந்தில் இரண்டு நொதிகள். ஒன்று முளைவிடும் பார்லியில் இருப்பது. முளைக்கு ஊட்டம் தர, விதை தன் புரதத்தைத் தானே உடைத்துக்கொள்ளும் நொதி. நோயாளிக்கு ஆகாத தானியத்திலேயே மருந்துக்கான சரக்கும் கிடைத்தது! பின்லாந்தில் நடந்த சிறிய சோதனையில் இந்த மருந்து குடல் சிதைவைக் குறைத்தது. 494 பேரிடம் நடந்த பெரிய சோதனையிலோ, வெற்று மருந்தைவிட மேலாக எதையும் சாதிக்கவில்லை.

● பூச்சிகளைப் பிடித்துச் செரிக்கும் குடுவைச் செடியின் திரவத்திலும் குளூட்டனை உடைக்கும் நொதி உண்டு. பெயர் நெப்ரோசின். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகம் கண்டெடுத்தது.

● 2011இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள், அமிலத்தில் செழிக்கும் பாக்டீரியா ஒன்றின் நொதியைக் கணினியில் திருத்தியமைத்தார்கள். பாதி வேலை அந்த அமிலத் தாங்குதிறனில்தான்: உணவு வயிற்றைவிட்டுச் சிறுகுடலுக்கு இறங்குமுன் குளூட்டன் உடைந்தாக வேண்டும். பின்னாளில் மேம்படுத்தப்பட்ட வடிவம், நோயில்லாதவர்களின் வயிற்றில் 97 சதவீதத்துக்கு மேல் குளூட்டனை உடைத்தது.

● 97 போதாதா? கணக்குப் போடுங்கள். ஒரு ரொட்டித் துண்டில் சுமார் 2 கிராம் குளூட்டன். அதில் 3 சதவீதம் மிஞ்சினாலும் 60 மில்லிகிராம். தினமும் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் கெடுகிறது என்று ஆய்வு சொல்கிறது. தெரியாமல் கலந்துவிட்ட துளிக்கு நொதி காவலாகலாம். சப்பாத்திக்கு அனுமதிச் சீட்டாகாது.

● கடைகளில் கேப்சூலாகக் கிடைக்கும் பூஞ்சை நொதி ஒன்று, குளிர்ந்த பீர் கலங்காமலிருக்க மதுவடிப்பவர்கள் சேர்ப்பது. சீலியாக் நோயாளிகள் அதை நம்பிப் பத்தியத்தை விடவே கூடாது.

● ஹரியானா, அசாம், வேலூர் வட்டாரங்களில் நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. சீலியாக் நோய் வடக்கே ஆயிரத்தில் 12 பேருக்கு, தெற்கே ஒருவருக்கு. நோய்க்கு இடம்தரும் மரபணுக்களில் பெரிய வித்தியாசமில்லை. தட்டில் விழும் கோதுமையின் அளவில்தான் இருந்தது.

● கோதுமையே சேர்க்காத வீட்டிலும் சாம்பார் வழியாகக் குளூட்டன் வரும். பல கூட்டுப் பெருங்காயங்களில் மைதாவோ கோதுமை மாவோ கலப்பார்கள். டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். இந்தியாவில் ‘குளூட்டன் இல்லாதது’ என அச்சிட, அதன் அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உங்களுக்கே சீலியாக் நோய் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், ரத்தப் பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள்கள் குறைந்து, நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும்.