பழைய துணி: யாருக்கு, எதற்கு?



எரேமியா தீர்க்கதரிசியை அவருடைய விரோதிகள் துரவிலே இறக்கிவிட்ட சம்பவம் உங்களில் பலருக்குத் தெரிந்ததே. தண்ணீர் இல்லாத அந்தத் துரவின் சேற்றிலே அவர் அமிழ்ந்துகொண்டிருந்தார். அவரைத் தூக்கிவிட அரசனிடம் உத்தரவு பெற்று வந்தவர் எபெத்மெலேக் என்னும் எத்தியோப்பியர். கூட 30 பேர் இருந்தார்கள். அவசரமான வேலை. ஆனாலும் அவர் முதலில் அரண்மனைக்குள் போய், கிழிந்துபோன பழைய துணிகளைத் தேடி எடுத்தார். அவற்றைக் கயிற்றோடு இறக்கி, "இவற்றை அக்குளில் வைத்து, அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளும்" என்ற கருத்தில் சொன்னார் (எரேமியா 38ஆம் அதிகாரம்). கயிறு எந்த இடத்தில் அறுக்கும் என்று முன்னதாகவே நினைத்துப் பார்த்த மனிதர் அவர்.

வீட்டில் பழைய துணி சேரும்போது, "இதை வைத்து என்ன தைக்கலாம்?" என்றுதான் நாம் கேட்கிறோம். "இது யார் உடம்பில் படப்போகிறது?" என்று கேட்பதில்லை. இந்த இரண்டாவது கேள்வியை நான் ஒரு தவறு செய்து கற்றுக்கொண்டேன்.

படுக்கை விரிப்புகள் எப்போதும் நடுவில்தான் நைந்துபோகும். ஓரங்கள் கெட்டியாகவே இருக்கும். ஆகவே விரிப்பை நீளவாக்கில் நடுவே வெட்டி, கெட்டியான இரண்டு ஓரங்களையும் நடுவில் சேர்த்துத் தைத்து, நைந்த பாகத்தைப் பக்கங்களுக்குத் தள்ளி மடித்துத் தைப்பார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், துணிக்குப் பங்கீடு இருந்த இங்கிலாந்தில் இது வீட்டுக்கு வீடு தெரிந்த முறை. ஒரு விரிப்புக்கு இன்னும் சில வருஷம் ஆயுசு கிடைக்கும். நானும் என் மனைவியும் இப்படி இரண்டு விரிப்புகளைத் தைத்து, எங்கள் சிக்கனத்தை மெச்சிக்கொண்டோம்.

அப்போது என் தாயார் எங்கள் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார்கள். அந்த விரிப்பையே அவர்களுக்கும் விரித்தோம். சில நாட்கள் கழித்து, பார்க்க வந்த ஒரு செவிலியர் அம்மாவைப் பக்கவாட்டில் திருப்பினார். முதுகெலும்பை ஒட்டி ஒரு முழ நீளத்துக்குச் சிவந்த கோடு. "ஐயா, விரிப்புல இருக்கிற தையல்தான் அம்மாவைக் கடிச்சிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா புண்ணாயிருக்கும்" என்றார். அம்மா எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆசையாகத் தைத்திருக்கிறார்களே என்று பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்த விரிப்பில் குறை ஒன்றுமில்லை. நடமாடுகிற எனக்கு அது ஏற்றது. அசைய முடியாத அம்மாவுக்கு ஏற்றதல்ல. அன்றைக்கே என் பழைய நூல் வேட்டி ஒன்றைத் தையலில்லாமல் இரண்டாக மடித்து, சுருக்கமில்லாமல் இழுத்து விரித்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவர்களைத் திருப்பிப் படுக்கவைத்தோம். சிவப்பு மறைந்தது.

அதுமுதல் நாங்கள் கைக்கொள்ளும் சில முறைகளை இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் நூலைச் சோதியுங்கள். துணியின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தியானால் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறினபின் கெட்டியான உருண்டையாக நிற்கும். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணிக்குப் பருத்தியே வேண்டும். பாலியெஸ்டர் சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். குழந்தைக்கும் நோயாளிக்கும்கூட, வியர்வையை உறிஞ்சுகிற பருத்தியே நல்லது.

2. குழந்தைக்கு. பலமுறை துவைத்த வேட்டியைப்போல மிருதுவான துணியைக் கடையில் வாங்க முடியாது. சதுரமாக வெட்டி, சோப்பு முழுவதும் போகும்படி நன்றாக அலசி, வெயிலில் உலர்த்தி உபயோகியுங்கள். தொப்புள்கொடியின்மேல் துணி சுற்ற வேண்டாம். அது காற்றாட உலரட்டும். தூளி கட்டப் பழைய சேலையை எடுத்தால் முதலில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பிறகு நீளவாக்கிலும் குறுக்கிலும் இருவர் பலமாக இழுத்துப் பாருங்கள். இழை விடுகிற சத்தம் கேட்டால் அந்தச் சேலை தூளிக்கு உதவாது.

3. படுக்கையிலிருப்பவருக்கு. தையல், முடிச்சு, பொத்தான், ஒட்டுத்துணி எதுவும் உடம்பின்கீழ் வரக்கூடாது. ஒட்டுப்போட்ட விரிப்புகளை நடமாடுகிறவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

4. பெண்களுக்கு. மாதவிலக்கு நாட்களுக்குப் பழைய பருத்தித் துணியை உபயோகிப்பதில் தவறில்லை. அதைக் கூச்சத்தினால் கட்டிலுக்கடியிலோ குளியலறை மூலையிலோ ஈரத்தோடு ஒளித்து வைப்பதே ஆபத்து. குளிர்ந்த நீரில் அலசி, சோப்புப் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காய வைக்கவேண்டும். இரத்தக் கறையை முதலிலேயே வெந்நீரில் போட்டால் அது துணியிலேயே பிடித்துக்கொள்ளும். வீட்டிலுள்ள ஆண்கள் கொடியில் கொஞ்சம் இடம் விட்டுக்கொடுத்து, அதைப்பற்றிப் பேசாதிருப்பதும் ஓர் உதவிதான்.

5. புண்ணுக்கு. இங்கே மாத்திரம் பழைய துணி வேண்டாம். வீட்டில் கொதிக்கவைத்த துணி சுத்தமான துணியே தவிர, கிருமி முழுவதும் நீங்கிய துணி அல்ல. ஆஸ்பத்திரியில் கட்டுத்துணிகளை ஆட்டோகிளேவ் என்னும் கருவிக்குள் வைத்து, 121 டிகிரி செல்சியஸ் அளவுள்ள அழுத்த நீராவியில் பக்குவப்படுத்துகிறார்கள். திறந்த புண்ணின்மேல் அப்படிப்பட்ட துணியே படவேண்டும். காயம் பட்டவுடன் இரத்தத்தை நிறுத்த வேறொன்றும் கைவசம் இல்லையென்றால், சுத்தமான துணியை வைத்து அழுத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.

புதியதைவிடப் பழையதே மேலானது என்பதற்கு வங்காளதேசத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்லுகிறேன். காலரா கிருமிகள் குளத்து நீரில் மிதக்கும் மிகச் சிறிய உயிரினங்களின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவரோடு உழைத்தவர்களும், மத்லப் பகுதியின் கிராமத்துப் பெண்களுக்குப் பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீரை வடிகட்டக் கற்றுக்கொடுத்தார்கள். 2003இல் வெளியான அந்த ஆய்வின்படி, காலரா நோய் ஏறக்குறைய பாதியாக, அதாவது 48 சதவீதம் குறைந்தது. பலமுறை துவைத்த சேலையில் இழைகள் பிரிந்து நூலிடைத் துளைகள் சிறுத்துவிடுகின்றன. ஆகவே புதுச் சேலையைவிடப் பழையதே நன்றாக வடிகட்டிற்று. தண்ணீரைக் கொதிக்கவைப்பதற்கு இது ஈடாகாது. ஆனால் விறகுக்கே வழியில்லாத வீட்டில் ஒரு பழைய சேலை உயிரைக் காத்திருக்கிறது.

கடைசியாக, பிறருக்குத் துணி கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உடுத்தத் தகுந்தவற்றைத் துவைத்து, கிழிசல் தைத்து, பொத்தான் வைத்து, மடித்துக் கொடுங்கள். உடுத்தத் தகாதவற்றை வேறு மூட்டையாகக் கட்டி, "துடைக்கும் துணி" என்று எழுதி வையுங்கள். இரண்டையும் ஒரே மூட்டையில் திணித்தால், வாங்குகிறவர் நம்முடைய கந்தலைத் தம் கையாலேயே பொறுக்கிப் பிரிக்க வேண்டியதாகும். அந்த வேதனையை அவருக்கு நாம் வைக்கலாகாது.

எபெத்மெலேக் துணியைத் துரவுக்குள் வீசிவிடவில்லை. கயிற்றில் கட்டி, மெதுவாக இறக்கிக் கொடுத்தார் என்பதையும் கவனியுங்கள். இந்த வாரம் உங்கள் அலமாரியைத் திறக்கும்போது, ஒவ்வொரு துணியையும் கையில் எடுத்து, அது படப்போகிற உடம்பை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். பிறகு கத்தரிக்கோலை எடுக்கலாம்.