ஃபெராரி ஏன் அலறுகிறது, போன்டியாக் ஏன் உறுமுகிறது?

1962-இல் இத்தாலியில் ஃபெராரி 250 ஜிடிஓ வந்தது. இரண்டே ஆண்டில் அமெரிக்காவின் போன்டியாக் அதே ஜிடிஓ என்ற பெயரைத் தன் காருக்குச் சூட்டியது. திறனும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஃபெராரிக்குச் சுமார் 300 குதிரைத்திறன், போன்டியாக்குக்கு 325. ஆனால் ஃபெராரியின் எஞ்சின் 3 லிட்டர், மற்றது 6.4 லிட்டர். பாதிக்கும் குறைவான எஞ்சினால் எப்படி முடிந்தது?

திறன் என்பது முறுக்குவிசையையும் சுழல்வேகத்தையும் பெருக்கிக் கிடைப்பது. போன்டியாக்கின் எட்டு சிலிண்டர்களும் தலா 800 சிசி. ஒவ்வொரு எரிப்பும் பலமாகத் தள்ளும். நிமிடத்துக்கு 4,800 சுற்றிலேயே உச்சம். ஃபெராரியின் பன்னிரண்டும் தலா 250 சிசிதான். அந்தக் குறையை 7,500 சுற்றுகளால் ஈடுகட்டுகிறது. அதனால்தான் அது அலறுகிறது, போன்டியாக் உறுமுகிறது.

பெரிய எஞ்சினையும் அப்படிச் சுழற்றினால் என்ன? பிஸ்டன் மேலும் கீழும் நின்று நின்று திரும்புகிறது. சுழல்வேகம் இரட்டித்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடில் விழும் இழுவிசை நான்கு மடங்காகும்; ராடே முறிந்துவிடலாம். ஃபெராரி பிஸ்டன் நகரும் தூரம் 59 மி.மீ., போன்டியாக்கில் 95. கணக்குப் போட்டுப் பாருங்கள்: உச்சத்திறனில் இரண்டின் சராசரி பிஸ்டன் வேகமும் நொடிக்குச் சுமார் 15 மீட்டர்! ஆகவே, போன்டியாக் போன்ற பெரிய எஞ்சின் அமெரிக்க ‘மசில் காரை’ முரட்டு வேலை என்று ஒதுக்குவது நியாயமே இல்லை.

ஆளுக்கொரு வழியில் போனதற்கு அவரவர் நாட்டுச் சூழலும் காரணம். இத்தாலியில் அப்போது எஞ்சினின் கொள்ளளவுக்கேற்ப வரி இருந்தது. அமெரிக்காவில் பெட்ரோல் மலிவாக இருந்தது; அந்த 6.4 லிட்டர் எஞ்சினோ போன்டியாக்கின் பெரிய குடும்பக் கார்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.