ஒரு ரூபாய் கொடு, ஒரு ரூபாய் வாங்கு!

பொட்டிப்புரம் பெட்டிக்கடையில சில்லறையா வாங்கின ஒரு ரூபாய்க் காசைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. வருஷத்துக்குக் கீழே வைரம் இருந்தா மும்பை, நட்சத்திரம்னா ஹைதராபாத், புள்ளின்னா நொய்டா. ஒண்ணுமே இல்லையா? கொல்கத்தா, பாஸ்! ஒரே வருஷத்துக் காசை ஊர் ஊரா சேர்க்கிறதுதான் கேம். நமக்குச் சிக்காதது எங்கேயோ ஒரு முகம் தெரியாத நண்பரிடம் டபுளா இருக்கும். தபால்ல மாத்திக்க வேண்டியதுதான்!

யார் முதல்ல அனுப்புறது? அங்கேதான் உதறல். புதுசா வந்தவர் முதல்ல அனுப்புறது சேகரிப்பாளர்கள் மத்தியில இருக்கிற வழக்கம். அதனால முதல் தடவை, தொலைஞ்சாலும் வலிக்காத காசா அனுப்புங்க. அட்டைக்குள்ள ஆடாம வைங்க. காசு மேலேயே செலோடேப் ஒட்டிடாதீங்க. பளபளக்கட்டும்னு புளி போட்டுத் தேய்ச்சீங்க... மதிப்பு காலி! பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோட இணைஞ்சிடுச்சு. விலையுள்ள காசுன்னா இன்ஷூரன்ஸும் போட்டுடுங்க.

ஆனா ஒரு விஷயம். பக்கத்துப் போடிநாயக்கனூர், மீன் சின்னம் போட்ட பாண்டியர் வெள்ளிக் காசுப் புதையல் கிடைச்ச பூமி. தோட்டத்துல உழும்போது அப்படி ஏதாவது தட்டுப்பட்டா கவருக்குள்ள போட்டுடாதீங்க. 1878-ம் வருஷப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்லணும். நூறு வருஷம் தாண்டின காசை நாம வெளிநாட்டுக்கு அனுப்பவும் 1972-ம் வருஷச் சட்டத்துல தடை. மலேசியா நண்பர் எவ்வளவு கெஞ்சினாலும் சரி!