பாட்டி முடிந்து வைத்த வெள்ளிக்காசு லட்சம் பெறுமா? ஏமாறாமல் மதிப்பு பார்ப்பது எப்படி?

ஓசூர்,

பாட்டி காலமான பிறகு டிரங்கு பெட்டியை குடைந்தால், துணியில் முடிந்த நாலைந்து வெள்ளிக்காசு. ஒரு பக்கம் ராணி தலை. "இது லட்சக்கணக்குல போகுமாமே!" என்று வீடே பரபரக்கும். ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை பக்கம் பல வீடுகளில் கேட்கும் பேச்சுதான் இது.

சிலர் மறுநாளே அடகுக்கடையில் கேட்ட விலைக்கு தள்ளி விடுகிறார்கள். சிலர் செல்போன் விளம்பரத்தை நம்பி கைக்காசையும் தொலைக்கிறார்கள். இரண்டுமே நஷ்டம்தான். காசின் மதிப்பை வீட்டிலேயே ஓரளவு கணித்து விடலாம்.

முதலில் எடை

வெள்ளைக்காரன் காலத்து ஒரு ரூபாய் வெள்ளிக்காசு 1835 முதல் ஒரே எடை. சரியாக ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். 1939 வரை வந்த காசில் 91.7 சதவீதம் வெள்ளி. சுத்த வெள்ளி மட்டும் சுமார் 10.7 கிராம் தேறும். 1940 முதல் 1945 வரை அடித்த ஆறாம் ஜார்ஜ் காசில் பாதிதான் வெள்ளி. 1947-ம் ஆண்டு ரூபாய் வெறும் நிக்கல்.

அன்றைய வெள்ளி விலையோடு பெருக்கினால் வருவதுதான் அடிமட்ட விலை. புழங்கி தேய்ந்த காசில் எடை கொஞ்சம் குறையும். ரொம்ப குறைந்தாலோ, காந்தத்தில் பச்சக்கென்று ஒட்டினாலோ அது வெள்ளிக்காசு அல்ல.

பழசெல்லாம் அபூர்வம் அல்ல

வயசு கூடினால் விலை கூடும் என்பது தப்புக்கணக்கு. விக்டோரியா ராணியின் 1862-ம் ஆண்டு ரூபாய் இன்றும் தாராளமாக கிடைக்கிறது. அதே ஆண்டை போட்டே 1874 வரை காசு அடித்து தள்ளியதுதான் காரணம்.

ஆனால் அதை விட வயசு குறைந்த 1939-ம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாய் மிக அபூர்வம். அதனாலேயே போலியும் அதிகம். 1938 காசில் கடைசி எட்டை ஒன்பதாக செதுக்கி விற்கும் கில்லாடிகள் உண்டு.

1911-ம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயும் கிராக்கியானது. ராஜா அங்கியில் இருந்த யானை பன்றி போல தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்ப, காசு திரும்ப பெறப்பட்டது. 1912-ல் யானையை திருத்தி அடித்தார்கள்.

கிருஷ்ணகிரி பகுதி 1792-ல் கம்பெனி கைக்கு போகும் வரை திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்தது. யானை பொறித்த திப்புவின் செப்புக்காசு பல வகை உண்டு. எழுத்தும் யானையும் தெளிவாக இருந்தால்தான் நல்ல விலை.

தரம் பார்ப்பது எப்படி?

ராணியின் தலைமுடி, உடையின் பூவேலை, ராஜாவின் கிரீடம் ஆகியவைதான் முதலில் தேயும். அவை மழுங்கியிருந்தால் சாதாரண தரம். ஒவ்வொரு கோடும் தெரிந்தால் உயர்ந்த தரம். புழக்கத்துக்கே போகாமல் பளபளப்பு மாறாதது முதல் தரம். ஒரே ஆண்டு காசுக்கும் தரத்தை பொறுத்து விலை பல மடங்கு மாறும்.

காசுமாலைக்கு வளையம் பற்ற வைத்தது, ஓட்டை போட்டது எல்லாம் தரம் குறைந்தவை. முக்கியமாக, புளி, சாம்பல், பாத்திரப்பொடி போட்டு தேய்க்கவே கூடாது. கறுப்பு படிந்திருந்தால் அப்படியே விடுவது நல்லது. தேய்த்து மினுக்கிய காசை சேகரிப்பவர்கள் ஒதுக்கி விடுவார்கள்.

உஷார்!

1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகம் பொறித்த 'கம்பெனி காசு' புழக்கத்துக்கு வந்த நாணயமே அல்ல. கிழக்கிந்திய கம்பெனி அப்படி எதுவும் வெளியிடவில்லை. அரிசியை இழுக்கும் இரிடியம் காசு என்பது முழு மோசடி. 2012-ல் வந்த வைஷ்ணவ தேவி ரூ.5, ரூ.10 காசுக்கு லட்சம் கிடைக்கும் என்பதும் புரளி.

பழைய காசை வாங்குவதாக சொல்லி ரிசர்வ் வங்கி பெயரில் கமிஷன், வரி கேட்கும் கும்பல் பற்றி 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது. காசு வாங்க வருபவர் நம்மிடம் முன்பணம் கேட்டால் அது மோசடிதான். ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பரம்பரையாக வந்த காசை வைத்திருப்பது குற்றம் அல்ல. ஆனால் நிலம் தோண்டும்போது கிடைத்த புதையல் ரூ.10-க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால், 1878-ம் ஆண்டு சட்டப்படி கலெக்டருக்கு தெரிவிக்க வேண்டும். 100 ஆண்டுக்கு மேற்பட்ட காசை அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம்.

விற்பதாக இருந்தால் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, எடையை குறித்து வைத்துக்கொண்டு, பெங்களூருவிலோ சென்னையிலோ இரண்டு மூன்று நாணய வியாபாரிகளிடம் விலை கேட்பது நல்லது. "வச்சுட்டு போங்க, நாளைக்கு சொல்றேன்" என்றால் காசை விட்டு வரக்கூடாது. அவசரம் இல்லாதவருக்குத்தான் நல்ல விலை. பாட்டி அத்தனை வருஷம் முடிந்து வைத்தது, இன்னும் ரெண்டு வாரம் முடிச்சிலேயே இருந்தால் ஒன்றும் குறைந்து விடாது.