வெளி ஹார்டு டிஸ்குக்கு யூனிக்ஸில் எங்கே இடம்?

விண்டோஸில் வெளி ஹார்டு டிஸ்கைச் செருகினால் ‘இ’ என்றோ ‘எஃப்’ என்றோ ஓர் எழுத்து முளைக்கும். யூனிக்ஸ் குடும்பத்தில், லினக்ஸோ மேக்கோ, அந்த வழக்கமே இல்லை. எல்லாக் கோப்புகளும் ‘ரூட்’ என்ற ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. புதிதாக வரும் டிஸ்கையும் அந்த மரத்தில் ஏற்கெனவே உள்ள ஒரு ஃபோல்டரில்தான் பொருத்த வேண்டும். அதுதான் மவுன்ட். பெல் ஆய்வகத்தின் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1974இல் யூனிக்ஸை விவரித்து எழுதிய கட்டுரையிலேயே இது இருக்கிறது. அன்று அவர்கள் கழற்றி மாட்டிய டிஸ்க் ஒன்றின் கொள்ளளவு 2.5 மெகாபைட்!

இன்று டெஸ்க்டாப் லினக்ஸ் தானாகவே மவுன்ட் செய்துவிடுகிறது. சர்வரில் பெரும்பாலும் நம் வேலைதான். செருகியதும் கர்னல் அதற்கு ‘எஸ்டிபி’ என்பதுபோல ஒரு பெயர் சூட்டும். முதல் பார்ட்டிஷன் ‘எஸ்டிபி1’. இந்தப் பெயரை நம்பக் கூடாது. இன்னொரு டிஸ்க் முந்திக்கொண்டால் மாறிவிடும். அதனால் எந்த டிஸ்கை எங்கே மவுன்ட் செய்வது என்று குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில், மாறாத அடையாளமான யுயுஐடி எண்ணை எழுதுவதே உத்தமம்.

உண்மையான வம்பு வேறு இடத்தில் இருக்கிறது. டிஸ்க் இல்லாவிட்டாலும் அந்த ஃபோல்டர் அங்கேயேதான் இருக்கும். ‘பேக்கப்’ என்ற ஃபோல்டரில் டிஸ்கை மாட்டி, இரவுதோறும் காப்பி எடுக்க ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறீர்கள். ஒருநாள் கணினி மறுபடி தொடங்கும்போது டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை. ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது. வெறும் ஃபோல்டரில், அதாவது உள் டிஸ்கிலேயே, எழுதித் தள்ளும். பிறகு வெளி டிஸ்கை மாட்டினால் அதன் கோப்புகள் முன்னால் வந்து நிற்க, அடியில் எழுதியவை மறைந்துபோகும். ‘டிஎஃப்’ கட்டளை உள் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று சொல்லும். ஃபோல்டர்களின் அளவைக் காட்டும் ‘டியூ’ போட்டுத் தேடினால் எதுவும் அகப்படாது. டிஸ்கைக் கழற்றிவிட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே ‘மவுன்ட்பாயின்ட்’ கட்டளையால் சோதித்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

கேபிளை அப்படியே பிடுங்குவதும் ஆபத்து. காப்பி முடிந்தது என்று திரை சொன்னாலும் லினக்ஸ் பல நொடிகள் தரவை நினைவகத்திலேயே வைத்திருக்கும். ‘யுமவுன்ட்’ கொடுத்தால் மிச்சத்தை எழுதி முடித்த பிறகே விடும். சிலநேரம் ‘டிஸ்க் பிஸி’ என்று மறுக்கும். அப்போது ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளை யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும். பாதிநேரம், அந்த ஃபோல்டருக்குள் நீங்களே திறந்து மறந்த டெர்மினல்தான்.