ஹோம்வொர்க் எழுதவும் காசு! அமெரிக்க ஆன்லைன் வகுப்புகளில் பதிப்பகங்களின் ராஜ்ஜியம்

பாடப்புத்தகம் வாங்காமலேயே கல்லூரியை முடித்தவர்கள் நம்மில் ஏராளம். சீனியரிடம் கெஞ்சி வாங்குவோம். திருவல்லிக்கேணி பழைய புத்தகக் கடைகளில் துழாவுவோம். எதுவும் கிடைக்காவிட்டால், பரீட்சைக்கு முந்தின வாரம் ஜெராக்ஸ் கடை இருக்கவே இருக்கிறது. மார்க் குறைந்திருக்கலாம். ஆனால், புத்தகம் வாங்கவில்லை என்பதற்காக எந்த ஆசிரியரும் நம் அசைன்மென்ட்டை வாங்க மறுத்ததில்லை.

அமெரிக்கக் கல்லூரிகள் நடத்தும் ஆன்லைன் வகுப்புகள் பலவற்றில் இந்த வழிகள் எல்லாம் அடைபட்டுவிட்டன. அங்கே புத்தகம், ஹோம்வொர்க், வாராந்தர டெஸ்ட், அதைத் திருத்தும் வேலை எல்லாமே ஒரே பொட்டலமாகப் பதிப்பகத்திடமிருந்து வருகின்றன. பியர்சனின் ‘மைலேப்’, மெக்ரா ஹில்லின் ‘கனெக்ட்’, சென்கேஜின் ‘மைண்ட்டேப்’, வைலியின் ‘வைலிபிளஸ்’ ஆகியவை இதில் பிரபலமான பெயர்கள். பொதுவாக இவற்றை ‘கோர்ஸ்வேர்’ என்கிறார்கள்.

உள்ளே நுழைய ஒரு குறியீட்டு எண் வேண்டும். பல பாடங்களுக்கு அதன் விலை 100 டாலரைத் தொடும். ஒருவர் பயன்படுத்திய எண் இன்னொருவருக்கு உதவாது. பெரும்பாலும் செமஸ்டர் முடிந்ததும் காலாவதியாகிவிடும். எண் இல்லாதவர் ஹோம்வொர்க் செய்யவே முடியாது. மொத்த மார்க்கில் கால் பங்கு ஹோம்வொர்க்குக்கு என்றால், அந்தக் கால் பங்கும் பூஜ்யம்தான்.

பிள்ளையை அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு அனுப்பும் நம் வீடுகளில் விசா, விமான டிக்கெட், ஃபீஸ், ஹாஸ்டல் என்று ஒரு செலவுப் பட்டியல் போடுவார்கள். இந்த எண்ணுக்கான செலவு பெரும்பாலும் அதில் இருக்காது.

தாய்லாந்து மாணவரின் வழக்கு

பழைய புத்தகச் சந்தைக்கும் பதிப்பகங்களுக்கும் உள்ள சண்டை புதிதல்ல. சுபாப் கிர்ட்செங் என்ற தாய்லாந்து மாணவர் 1997-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்க அமெரிக்கா போனார். ஆங்கிலப் பாடப்புத்தகங்கள் தன் ஊரில் மலிவு விலைப் பதிப்பாகக் கிடைப்பதைக் கவனித்தார். சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் வாங்கி அனுப்பச் சொல்லி, அமெரிக்காவில் விற்றார். வைலி நிறுவனம் வழக்குப் போட்டது. எட்டுப் புத்தகங்களுக்காக 6 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று கீழ் நீதிமன்றத்தில் முடிவானது. ஆனால் 2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், காசு கொடுத்து முறைப்படி வாங்கிய புத்தகத்தை மறுபடி விற்க வாங்கியவருக்கு உரிமை உண்டு, அது எந்த நாட்டில் அச்சடித்ததாக இருந்தாலும் சரி, என்று சொல்லிவிட்டது.

நல்ல தீர்ப்புதான். ஆனால் குறியீட்டு எண்ணிடம் அது செல்லாது. திரும்ப விற்பதற்குக் கையில் பொருள் என்று ஒன்று இருக்க வேண்டுமே!

திரைக்குப் பின்னால்

ஆன்லைன் படிப்பில் கல்லூரிக்கென்று ஒரு வகுப்பறைத் தளம் இருக்கும். கேன்வாஸ், பிளாக்போர்டு, மூடில் போன்றவை அந்த வேலையைச் செய்கின்றன. அதிலுள்ள லிங்க்கை மாணவர் தொட்டதும் பதிப்பகத்தின் பக்கம் திறக்கிறது. வந்திருப்பவர் யார், எந்த வகுப்பு, மாணவரா ஆசிரியரா என்ற விவரம் பின்னணியிலேயே போய்விடுகிறது. கணக்கைப் போட்டு முடித்தால், மார்க் கல்லூரியின் மார்க் பட்டியலுக்குத் தானாகத் திரும்பி வரும். இந்தப் போக்குவரத்துக்கு ‘எல்டிஐ’ என்ற பொது விதிமுறையை எல்லாத் தரப்பும் பின்பற்றுகின்றன.

சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. கல்லூரித் தளத்துக்கு ஒரு மின்னஞ்சல், பதிப்பகத்துக்கு வேறொரு மின்னஞ்சல் கொடுத்துவிட்டால், போட்ட மார்க் வந்து சேராமல் நடுவழியில் நிற்கும். கெடு தேதி கல்லூரித் தளத்தில் ஒன்றாகவும் பதிப்பகத் தளத்தில் வேறாகவும் இருந்தால் மாணவர் எதை நம்புவார்? போன செமஸ்டர் பாடத்தை அப்படியே நகல் எடுத்த ஆசிரியர், தேதிகளை மாற்ற மறந்தாலே போதும், முதல் வாரம் முழுக்கப் புகார்தான். 1/2 என்று கேட்ட இடத்தில் 0.5 என்று போட்டு மார்க்கை இழக்கும் சோகம் தனிக்கதை.

அதற்காக இந்த மென்பொருள்களே மோசம் என்று சொல்ல மாட்டேன். 200 பேர் படிக்கும் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு எண்கள் கொண்ட கணக்கைக் கொடுத்து, நொடியில் திருத்தித் தர எந்த ஆசிரியரால் முடியும்? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் உருவாகி, இப்போது மெக்ரா ஹில்லிடம் இருக்கும் ‘அலெக்ஸ்’, மாணவருக்கு எது தெரியும், அடுத்து எதைக் கற்க அவர் தயார் என்று கண்டுபிடித்து அதற்கேற்பப் பாடம் தருகிறது. பின்னம் தெரியாமலேயே கல்லூரிக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு அது பெரிய உதவி.

என் கவலை வேறு. பாடம், கேள்வி, திருத்தம் மூன்றும் பதிப்பகத்துடையது என்றால், ஃபீஸ் வாங்கும் கல்லூரி தருவது என்ன?

அமெரிக்க அரசும் வேறொரு கோணத்தில் இதைக் கேட்கிறது. ஆன்லைன் படிப்பில் ஆசிரியர் மாணவரோடு தொடர்ந்து, பாடம் சார்ந்து பேசிப் பழக வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் அஞ்சல்வழிப் படிப்பு என்று கருதப்பட்டு, அரசு உதவித்தொகைக்குச் சிக்கல் வரும். முழுக்க ஆன்லைனில் இயங்கும் வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகத்தை இந்தக் காரணத்துக்காகத் தணிக்கை செய்த அதிகாரிகள், 71 கோடி டாலருக்கு மேல் திருப்பித் தர வேண்டும் என்று 2017-ல் பரிந்துரைத்தார்கள். 2019-ல் கல்வித் துறை அதை ஏற்காமல் விட்டுவிட்டது. அது பதிப்பக மென்பொருளைப் பற்றிய விவகாரம் அல்ல. ஆனாலும் ஆன்லைன் கல்லூரிகளின் வயிற்றில் புளியைக் கரைத்தது.

கவனமான ஆசிரியர்கள் மென்பொருளைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். வகுப்பில் பாதிப் பேர் எந்தக் கணக்கில் சறுக்கினார்கள் என்று அது காட்டும் அறிக்கையை எடுத்து, அந்த ஒன்றை வீடியோவில் தாங்களே நடத்துகிறார்கள். வாரம் ஒரு கணக்கைக் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். விடை தப்பானாலும் வழி சரியா என்று அதில்தான் தெரியும்.

காசே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஹூஸ்டனிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தின் ‘ஓப்பன்ஸ்டாக்ஸ்’ 2012 முதல் இலவசப் பாடப்புத்தகங்களை வெளியிடுகிறது. கணிதப் பயிற்சிக்கு ‘மைஓப்பன்மேத்’ இருக்கிறது. எதைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்வது ஆசிரியரும் துறையும்தான். மாணவர் கையில் அது இல்லை.

கிளம்பும் முன்...

பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே கல்லூரிப் புத்தகக் கடையின் இணையதளத்தில் அதற்குக் குறியீட்டு எண் தேவையா என்று பாருங்கள். இந்திய மலிவுப் பதிப்பைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போவதில் தப்பில்லை. ஆனால் அதற்குள் இந்த எண் இருக்காது. பயிற்சிக் கணக்குகளின் வரிசையும் சில புத்தகங்களில் மாறியிருக்கும்.

ஃபீஸ் ரசீதையும் ஒருமுறை படியுங்கள். ‘இன்க்ளூசிவ் ஆக்சஸ்’ என்ற பெயரில் பாடப்பொருள் கட்டணத்தை ஃபீஸோடு சேர்த்தே வாங்கும் கல்லூரிகள் உண்டு. அரசு உதவித்தொகை பெறும் மாணவர்களிடம் அப்படி வசூலிக்க 2016 முதல் நடைமுறையில் உள்ள விதி அனுமதிக்கிறது. விலை சந்தையைவிடக் குறைவாக இருக்க வேண்டும், வேண்டாம் என்பவர் விலக வழி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விலகுவதற்குக் கடைசித் தேதி உண்டு, அது செமஸ்டரின் ஆரம்பத்திலேயே வந்துவிடும். ஆனால் ஹோம்வொர்க்கே அதற்குள்தான் என்றால், விலகிப் பயனில்லை.

இன்னொன்று. மைலேப், கனெக்ட் போன்றவற்றில் முதல் 14 நாள் காசு கட்டாமல் உள்ளே போகும் வசதி பெரும்பாலும் கிடைக்கும். அந்த இரண்டு வாரத்தில் பாடம் பிடிக்கிறதா, தொடர்வோமா என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் எண்ணை வாங்கினால் போதும். கடையில் அட்டையாக வாங்கியிருந்தால் அவசரப்பட்டுச் சுரண்ட வேண்டாம். சுரண்டிய அட்டையைக் கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார்.